ஃபெதர்: ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு நேராக எந்தத் தமிழ்ச்சொல்லை எழுதுவது?

சனிக்கிழமை ஆசிரியை, சாட்ஸ்வர்த்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் தமிழ் வகுப்பின் பிள்ளைகளுக்காக ஒரு சொற்பட்டியல் தயாரித்து வருகிறேன். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ், ஒரு சொல்லுக்கு ஒரு சொல். இங்கே தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகளுக்கு ஆங்கிலமே வீட்டு மொழியாகிவிட்டதால், தெரிந்த சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தெரியாத சொல்லுக்கு அவர்களை அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. வேகமாகப் போய்க்கொண்டிருந்த அந்த வேலை ‘ஃபெதர்’ என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டது.

முதலில் ‘இறகு’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். தைப்பூசக் காவடிக்கு முந்திய வாரம் ஒரு மாணவி, பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பூச்சி அரிக்காமல் கற்பூரம் போட்டு வைத்திருந்த மயிலிறகுக் கட்டு ஒன்றை வகுப்புக்கு எடுத்து வந்தாள். தன் ஆயா அதைப் பீலி என்கிறார், நான் இறகு என்கிறேன், இரண்டில் எது சரி என்று கேட்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த பையன், ‘பேர்ட்ஸ் ஆஃப் அ ஃபெதர்’ என்ற ஆங்கிலப் பழமொழியை எடுத்து, அத்தனை பறவைகளுக்கும் சேர்த்து ஓர் இறகுதானா என்று கேட்டான். இரண்டுக்கும் அந்த இடத்தில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

எனக்கே பழைய குழப்பம் ஒன்றும் உண்டு. என் பாட்டி மவுண்ட் எட்ஜ்கோமில் கரும்புத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் ‘தோகை’ என்றால் கரும்பின் இலைதான்; காய்ந்த தோகையை உரித்து உரித்துக் கையில் விழுந்த மெல்லிய கீறல் தழும்புகளைக் காட்டுவார். மயிலின் வாலையும் தோகை என்பார்கள் என்று நான் படித்துவிட்டு வந்து சொன்னபோது, அது கரும்பைப் பார்த்து மயிலுக்கு வைத்த பெயராக இருக்கும் என்று தயங்காமல் சொன்னார். இலைக்கும் இறகுக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது என்பது அன்றிலிருந்து என் மனத்தில் இருக்கும் கேள்வி.

ஆகவே பெரியவர்களிடம் கேட்கிறேன். ‘ஃபெதர்’ என்ற சொல் எங்கே பிறந்தது, அதன் பொருள் எதுவரை நீளுகிறது, தமிழில் அதற்கு நேராக எதை எழுதுவது?

மாரிட்ஸ்பர்க் ஓய்வாசிரியர்

அம்மா, நல்ல இடத்தில் நின்றிருக்கிறீர்கள். பிறப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் பாட்டியின் தோகைக்கும் அங்கேயே ஒரு துணை கிடைக்கிறது.

பழைய ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் ஏறக்குறைய இன்றைய ஒலியோடு இருந்தது. ஒருமையில் அது ஓர் இறகைக் குறித்தது. பன்மையில் சொன்னால் சிறகுகள், அதாவது பறவை பறக்கும் உறுப்பே, என்று பொருள்பட்டது. ஜெர்மன் மொழியின் ‘ஃபேடர்’, டச்சு மொழியின் ‘ஃபேர்’, இங்கே நாம் நாள்தோறும் கேட்கும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியின் ‘ஃபேர்’ எல்லாம் இதன் உடன்பிறப்புகள். அதற்கும் முன்னால் போனால், மொழியியலாளர்கள் மீட்டெடுத்துக் காட்டும் ‘பெத்’ என்ற தொன்மையான வேர் நிற்கிறது. அதன் பொருள் பறத்தல், விரைந்து பாய்தல். ஆகவே இந்தச் சொல் மென்மையிலிருந்தோ அழகிலிருந்தோ பிறக்கவில்லை, பறப்பதிலிருந்து பிறந்தது.

அந்த வேர் மற்ற மொழிகளில் எங்கெல்லாம் கிளைத்தது என்று பாருங்கள். கிரேக்கத்தில் சிறகுக்கு ‘ப்தெரொன்’ என்று பெயர். நாம் வானத்தில் பார்க்கும் ஹெலிகாப்டரின் பின்பாதி அதுதான், சுழலும் சிறகு என்பதே அந்தப் பெயரின் பொருள். 1861-இல் ஜெர்மனியின் பவேரியாவில் சுண்ணாம்புப் பாறையில் பதிந்த இறகு கிடைத்தபோது அதற்குரிய உயிரினத்துக்கு வைத்த ‘ஆர்க்கியாப்டெரிக்ஸ்’ என்ற பெயரிலும் அதே கிரேக்கச் சிறகு இருக்கிறது. லத்தீனில் இறகுக்குப் ‘பென்னா’ என்று பெயர். வாத்திறகின் காம்பைச் சீவி மையில் தோய்த்து எழுதியதால் இறகின் பெயரே எழுதுகோலுக்கும் ஆயிற்று. ஆங்கிலப் ‘பென்’ அது. போர்த்துக்கேயர் சொன்ன ‘பேனா’ ஜன்னல், சாவி, அலமாரி ஆகியவற்றோடு சேர்ந்து தமிழுக்கு வந்தது. நம் சட்டைப்பையில் இருக்கும் பேனாவும் ஆங்கிலேயரின் ஃபெதரும் இப்படி ஒரே வேரில் போய் நிற்கின்றன.

சமஸ்கிருதத்தில் அதே வேர் ‘பத்’ என்று ஆயிற்று. பறத்தலுக்கும் விழுதலுக்கும் அந்த ஒரு வினையே போதுமாயிருந்தது. அதிலிருந்து வந்த ‘பத்ரம்’ என்ற சொல்லுக்குச் சிறகு, இறகு, இலை என்று மூன்று பொருள்களும் உண்டு. இலை என்ற பொருளிலிருந்து எழுதும் ஓலை, ஓலையிலிருந்து ஆவணம் என்று நகர்ந்து, நாம் வீட்டுப் பத்திரம் என்றும் பத்திரிகை என்றும் சொல்லும் சொற்கள் பிறந்தன. 1903-இல் டர்பனில் தொடங்கி மறு ஆண்டு காந்தி அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்புக்கு இடம்பெயர்ந்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழிகளில் வந்த பத்திரிகை. அந்தப் பத்திரிகையைப் பேனாவால் எழுதினார்கள் என்று சொல்லும்போது ஒரே வாக்கியத்தில் இரண்டு முறை இறகைச் சொல்லிவிடுகிறோம்.

இலைக்கும் இறகுக்கும் ஒரே பெயர் என்பது, ஆக, தமிழில் மட்டும் நடந்ததன்று. நடுவே ஒரு நரம்பு, இரு பக்கமும் மெல்லிய விரிவு, காற்றில் அசையும் நீளம். பார்த்தவர்கள் இரண்டையும் ஒன்றாகப் பார்த்திருக்கிறார்கள். கரும்பிலிருந்து மயிலுக்குப் போனதா, மயிலிலிருந்து கரும்புக்கு வந்ததா என்பதில் நான் உங்கள் பாட்டிக்கு எதிராக வாதாடப் போவதில்லை.

டோங்காட் தமிழன்

ஐயா எழுதியது சிறப்பு. ஆனால் ஓர் ஐயம். பறத்தல் என்பதுதான் வேர் என்றால், தமிழில் ‘பற’ என்றே ஒரு சொல் இருக்கிறதே? பறவை, பறப்பு, பறத்தல் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. பகரம் ஃபகரமாகி, ‘பற’ என்பதே ‘ஃபெதர்’ என்று திரிந்திருக்கக் கூடாதா? கடைசியில் ரகர ஒலியும் இருக்கிறது. உலகத்தின் மூத்த மொழிகளில் ஒன்றைப் பேசுகிறவர்கள் நாம். எதற்கெடுத்தாலும் லத்தீனையும் கிரேக்கத்தையும் காட்டும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை.

மாரிட்ஸ்பர்க் ஓய்வாசிரியர்

தம்பி, உங்கள் மனத்தாங்கலை நான் மதிக்கிறேன். இளவயதில் நானும் இதே போன்ற பட்டியல்களை நோட்டுப் புத்தகம் முழுவதும் எழுதி வைத்திருந்தேன். ஆனால் இரண்டு சொற்கள் ஒத்து ஒலிப்பது உறவுக்குச் சான்றாகாது. அந்த ஒப்புமை ஓர் ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருகிறதா என்பதுதான் சான்று.

பகரம் ஃபகரமாவது ஜெர்மானிய மொழிகளில் உண்மையாகவே நடந்த மாற்றம். நீங்கள் அறிந்த சொற்களிலேயே அதைக் காணலாம். சமஸ்கிருதத்தில் பாதம், ஆங்கிலத்தில் ஃபுட். அங்கே பஞ்ச, இங்கே ஃபைவ். அங்கே பிதா, இங்கே ஃபாதர். கூடவே தகரமும் ஓர் ஒழுங்கில் மாறியது: அங்கே திரி, இங்கே த்ரீ, நாக்கைப் பல்லிடையே வைத்து ஊதும் அந்த ஒலியோடு. இப்போது ‘பத்ரம்’ என்பதையும் ‘ஃபெதர்’ என்பதையும் பக்கத்தில் வையுங்கள். முதல் ஒலியும் நடு ஒலியும் கடை ரகரமும் அந்தந்த இடத்தில் வந்து பொருந்துகின்றன. ‘பற’ என்பதில் நடுவே இருக்க வேண்டிய தகரம் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. ‘பற’ திராவிட மொழிகளுக்கு உரிய தனி வேர். அதன் பெருமை அதற்கு உண்டு, இன்னொரு வேரின் முதுகில் ஏற வேண்டிய தேவை அதற்கு இல்லை.

இன்றைய ஒலி எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஆங்கிலத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. ஃபாதர், ஃபெதர் இரண்டும் இன்று நடுவில் ஒரே ஒலியைக் கொண்டிருக்கின்றன. பழைய ஆங்கிலத்தில் ஃபாதருக்கு நடுவில் இருந்தது டகரம்; ஃபெதருக்கு அப்போதே இன்றைய ஒலி. வேறு வேறு வழியில் வந்தவை பின்னாளில் ஒரே இடத்தில் சந்தித்திருக்கின்றன. ‘பென்’ என்பதும் ‘பென்சில்’ என்பதும் அப்படித்தான்: பென்சில் இறகின் உறவு அன்று, சிறு வால் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து, தூரிகையின் பெயராக வந்தது. அலங்கார இறகைக் குறிக்கும் ‘ப்ளூம்’ என்பதும் லத்தீன்தான் என்றாலும் வேறு வேர்.

நம் சொல் உண்மையாகவே கடல் கடந்த இடமும் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நான் ஒருபக்கம் பேசியவன் ஆவேன். எபிரேய விவிலியத்தில், சாலமோன் மன்னனுக்குக் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களில், மயில் என்று பொருள் கொள்ளப்படும் சொல் ‘துக்கி’. அது நம் தோகையிலிருந்து சென்றது என்பது அறிஞர் பலர் ஏற்ற கருத்து. அங்கே பறவையோடு சேர்ந்து பெயரும் பயணம் செய்ததற்கு வணிகம் என்ற காரணம் இருக்கிறது.

ஜேக்கப்ஸ் பட்டறைக்காரன்

நான் படித்தவன் அல்லன். முப்பது ஆண்டுகளாகப் பேனல்பீட்டிங், அதாவது நசுங்கிய கார்த் தகட்டைச் சீராக்கும் பட்டறை வேலை. ஆனால் இந்தச் சொல்லை உங்கள் எல்லாரையும்விட அதிகமாகச் சொல்பவன் நானாகத்தான் இருப்பேன், ஏனென்றால் எங்கள் பட்டறையில் ‘ஃபெதர்’ ஒரு வினைச்சொல்.

காரின் கதவில் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் வண்ணம் பூச முடியாது. பழைய வண்ணம் பெயர்ந்த விளிம்பு ஒரு படிபோல நிற்கும். மேலே எத்தனை பூச்சு பூசினாலும் வெயிலில் அந்தப் படி கோடாகத் தெரிந்துவிடும். ஆகவே உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, முதலில் முரட்டுத் தாளாலும் பிறகு மெல்லிய தாளாலும், அந்த விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தகட்டோடு தகடாகும் வரை தேய்க்க வேண்டும். மேல் வண்ணம், அடிப்பூச்சு, இரும்பு என்று மூன்று வளையங்கள் நீர்க்கோலம்போல ஒன்றுக்குள் ஒன்றாக விரிந்து தெரியும். கண்ணை நம்பக் கூடாது, கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியால் தடவ வேண்டும். எங்கே முடிந்தது என்று விரலுக்குத் தெரியாமல் போனால்தான் வேலை முடிந்தது. அதைத்தான் ‘ஃபெதர் பண்ணு’ என்று என் முதலாளி எனக்குக் கற்றுக்கொடுத்தார். இறகின் விளிம்பு எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது அல்லவா, அதனால்தான் அந்தப் பெயர் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்று. லாரியின் அடியில் வளைந்த இரும்புத் தகடுகளை அடுக்கிக் கட்டியிருப்பார்களே, அந்த ஸ்பிரிங்குக்கு ஆப்பிரிக்கான்ஸில் ‘பிளாட்ஃபேர்’ என்று பெயர். ‘பிளாட்’ என்றால் இலை, ‘ஃபேர்’ என்றால் ஸ்பிரிங், இறகுக்கும் அதே சொல்தான். இலை இறகு என்று ஒரு டன் இரும்புக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது ஐயா எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வளைத்தால் வளைந்து, விட்டால் பழையபடி நிமிர்வது இரண்டுக்கும் பொது.

பைன்டவுன் மொழிபெயர்ப்பாளர்

பட்டறைக்கார அண்ணன் சொன்னது எந்த அகராதியையும்விடத் தெளிவாக இருக்கிறது. அந்த வினைப்பொருளுக்கு இன்னும் இரண்டு இடங்களைச் சேர்க்கிறேன். துடுப்புப் போடுகிறவர்கள், தண்ணீரிலிருந்து வெளியே எடுத்த துடுப்பின் தட்டையைக் காற்று தள்ளாதபடி படுக்கையாகத் திருப்புவதை ஃபெதர் செய்தல் என்பார்கள். மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை ஆற்றில் நடக்கும் டூசி படகுப் போட்டிக்குப் போகிற பையன்களைக் கேட்டால், இருமுனைத் துடுப்பின் இரண்டு தட்டைகளும் ஒன்றுக்கொன்று எத்தனை பாகை திரும்பியிருக்கின்றன என்பதற்கும் அதே சொல்லைச் சொல்வார்கள். விமானத்தில் ஓர் எஞ்சின் நின்றுவிட்டால், அதன் விசிறி இலைகள் காற்றை மறிக்காமல் விளிம்பைக் காட்டி நிற்கும்படி திருப்புவதற்கும் அதுதான் பெயர்.

நான் முப்பது ஆண்டுகள் நீதிமன்றங்களில் ஆங்கிலத்துக்கும் ஸூலுவுக்கும் இடையே பெயர்த்துச் சொன்னவள். ஸூலுவில் இறகுக்கு ‘உசிபா’ என்று பெயர், பன்மையில் ‘இசின்சிபா’. எழுதும் பேனாவுக்கும் ‘உசிபா’தான். லத்தீனோடு எந்த உறவும் இல்லாத மொழி, வாத்திறகால் எழுதிய வெள்ளைக்காரரைப் பார்த்துவிட்டுத் தன் சொந்தச் சொல்லையே அந்தக் கருவிக்கும் கொடுத்திருக்கிறது. நாம் பேனாவைப் போர்த்துக்கேயரிடமிருந்து வாங்கினோம். ஆனால் இறகைக் குறிக்கும் ‘தூவல்’ என்ற சொல்லைப் பேனாவுக்குப் பெயராகத் தனித்தமிழ் எழுதுகிறவர்கள் வழங்குகிறார்களே, அது ஸூலுக்காரர் செய்ததேதான். டோங்காட் தம்பிக்கு இது ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பொருளின் மறுபக்கத்தையும் ஆசிரியை தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் இறகு பெருமையையும் சுமக்கிறது, இழிவையும் சுமக்கிறது. தொப்பியில் ஓர் இறகு என்றால் ஒருவர் பெற்ற சிறப்பு. வெள்ளை இறகு என்றால் கோழைத்தனம். சண்டைச் சேவலின் வாலில் வெள்ளை இறகு இருந்தால் அது கலப்பினம், களத்தில் நிற்காது என்ற நம்பிக்கையிலிருந்து அந்த வழக்கு வந்ததாகச் சொல்வார்கள். 1914 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டோன் நகரில் சார்லஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற கடற்படைத் தளபதி முப்பது பெண்களைச் சேர்த்து, போருக்குப் போகாத ஆண்களின் கையில் வெள்ளை இறகைக் கொடுக்கச் செய்தார். விடுப்பில் வீடு வந்திருந்த சிப்பாய்களுக்கும் அது கொடுக்கப்பட்டது. ஒரு சொல்லை எடுத்து மனிதர்களை அவமதிக்கப் பயன்படுத்திய அந்தச் செயலை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

நம் நாட்டில் இறகு நிற்கும் இடம் வேறு. நமது தேசியப் பறவையான நீலக் கொக்கின் நீண்ட இறகுகளை வீரச்செயல் புரிந்தவர்கள் தலையில் சூடுவது பழைய மரபு. ‘இசித்வலாண்ட்வே’ என்றால் அரிய பறவையின் இறகைச் சூடியவர் என்று பொருள். ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் தன் மிக உயர்ந்த விருதுக்கு அந்தப் பெயரை வைத்து, 1955-இல் கிளிப்டவுன் மக்கள் மாநாட்டில் முதன்முதலாக ஆல்பர்ட் லுத்துலி, யூசுப் தாதூ, ட்ரெவர் ஹடில்ஸ்டன் மூவருக்கும் வழங்கியது. பிள்ளைகளுக்கு ‘தொப்பியில் இறகு’ என்பதை விளக்க வேண்டுமானால் இங்கிலாந்துத் தொப்பியைத் தேட வேண்டியதில்லை, கிளிப்டவுனிலிருந்து தொடங்குங்கள்.

ரைலண்ட்ஸ் வாசி, கேப் டவுன்

இறகைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, நம் நாட்டில் இறகு கட்டிய ஊரைச் சொல்லாமல் விடலாமா? லிட்டில் கரூ என்ற வறண்ட நிலப்பகுதியில் ஔட்ஸ்ஹோர்ன் என்ற ஊரில் நான் நான்கு ஆண்டுகள் கணக்கு வேலை பார்த்தேன். 1913-இல் தென்னாப்பிரிக்காவின் ஏற்றுமதியில் தங்கம், வைரம், கம்பளி ஆகியவற்றுக்கு அடுத்து நான்காவது இடத்தில் நின்றது நெருப்புக்கோழியின் இறகு. ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிக்காக அந்தப் பறவையை வளர்த்துச் சேர்த்த பணத்தில் கட்டிய மணற்கல் மாளிகைகள் இன்றும் இருக்கின்றன, இறகு மாளிகைகள் என்றே அவற்றுக்குப் பெயர். மறு ஆண்டு போர் வந்தது, தொப்பி வழக்கமும் மாறியது, விலை விழுந்தது.

அந்த இறகைக் கையில் வாங்கிப் பார்த்தால் ஆசிரியையின் பிள்ளைகளுக்கு ஒன்று விளங்கும். புறாவின் இறகை விரலால் கீழ்நோக்கி நீவினால் பிரிந்து, மேல்நோக்கி நீவினால் பழையபடி ஒட்டிக்கொள்ளும். அதன் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன. நெருப்புக்கோழியின் இறகில் அந்தக் கொக்கிகள் இல்லை. இழைகள் ஒன்றையொன்று பிடிக்காமல் தனித்தனியே தொங்கி அலைகின்றன. அந்த அலைவுக்குத்தான் அத்தனை விலை. பறப்பதிலிருந்து பிறந்த சொல்லை, பறக்காத பறவையின், காற்றைப் பிடிக்காத இறகுக்கும் சொல்கிறோம் என்பதை ஓய்வாசிரியர் ஐயாவின் பதிவைப் படித்தபின் நினைத்துப் பார்த்தேன். நம் கண்ணுக்கு அது, உடலை ஒட்டிய மெல்லிறகான தூவியின் பெரிய வடிவம்.

டோங்காட் தமிழன்

ஐயா, ‘பற’ பற்றிய என் கருத்தை விட்டுவிடுகிறேன். நடுவில் உள்ள தகரத்துக்கு என்னிடம் பதில் இல்லை. தோகை கடல் கடந்ததைச் சொன்னதற்கு நன்றி. அப்படியானால் தமிழ்ச் சொற்களுக்குள்ளேயே இறகு, சிறகு, இறக்கை என்பவற்றுக்கு என்ன வேறுபாடு என்று சொல்லுங்கள். எங்கள் வீட்டில் கோழி சுத்தம் செய்யும்போது மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்வோம்.

மாரிட்ஸ்பர்க் ஓய்வாசிரியர்

வீட்டில் மாற்றிச் சொல்வது பிழையன்று தம்பி. இறகும் சிறகும் பிறப்பில் ஒரே சொல். சில சொற்களில் முதலில் நின்ற சகரம் தேய்ந்து மறைவது திராவிட மொழிகளில் நடந்திருக்கிறது: சிப்பி என்பதற்கு இப்பி என்றும் வடிவம் உண்டு, அப்படியே சிறகு இறகாயிற்று. பழம்பாடல்களில் சிறகுக்குச் ‘சிறை’ என்ற வடிவமும் வருகிறது. நம் தெலுங்கு அண்டைவீட்டார் சொல்லும் ‘ரெக்க’வும் இந்தக் குடும்பம்தான். ஒரு சொல் இரண்டு வடிவமாகப் பிரிந்தபின், மக்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேலையையும் பிரித்துக் கொடுத்தார்கள். இன்றைய எழுத்து வழக்கில் சிறகும் இறக்கையும் பறக்கும் உறுப்புக்கு, இறகு அதில் முளைத்த ஒவ்வொன்றுக்கும். பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல் ஒருமையில் இறகும் பன்மையில் சிறகுமாக இருந்ததை முன்பு எழுதினேன் அல்லவா, அதே மயக்கம்.

மற்றவை எல்லாம் தனித்தனி இடம் பார்த்து வைத்த பெயர்கள். உடலை ஒட்டிய மிக மெல்லியது தூவி. அனிச்சப் பூவும் அன்னத்தின் தூவியும் கூட அவள் காலுக்கு நெருஞ்சி முள்ளாகக் குத்தும் என்ற குறளில் ‘இறகு’ என்று போட்டுப் பாருங்கள், மென்மை போய்விடும். மயிலின் கண் வைத்த நீண்ட இறகு பீலி. அளவுக்கு மீறி ஏற்றினால் பீலி ஏற்றிய வண்டிக்கும் அச்சு முறியும் என்று எழுதியவர், உலகில் எடையே இல்லாதது எது என்று தேடி அதை எடுத்திருக்கிறார். ஆங்கிலேயர் குத்துச்சண்டையில் 126 பவுண்டு வரை உள்ளவரை ‘ஃபெதர்வெயிட்’ என்பதும் அதே எண்ணம்தான். பீலிகள் சேர்ந்து விரிந்த முழு வாலும் தோகை. அந்தப் பீலியின் அடியில், தோலுக்குள் இருந்த வெள்ளையான மொட்டைக் காம்புக்கும் தமிழில் தனிப்பெயர் உண்டு: முருந்து. சங்கப் புலவர்கள் பெண்களின் பல்வரிசைக்கு அதை உவமை சொன்னார்கள். காவடி கட்டும்போது நூல் சுற்றுகிற இடம் அதுதான். மாணவியிடம் ஒரு பீலியைத் திருப்பிப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பையனின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். முன்பு ஆங்கிலத்தில் ‘ஃபெதர்’ என்ற ஒருமை, பறவையின் உடல் முழுவதையும் போர்த்திய இறகுத் தொகுதியையும் குறித்தது. ஒரே விதமான போர்வை உடைய பறவைகள் ஒரே இனம். ஆகவே அந்தப் பழமொழியில் அந்தச் சொல்லுக்கு இனம் என்றே பொருள். இனம் இனத்தை நாடும் என்று நாம் சொல்வது அதற்குச் சரியாக நேர் நிற்கிறது. வேட்டைக்காரர்கள் விலங்குகளை ‘ஃபர்’ என்றும் பறவைகளை ‘ஃபெதர்’ என்றும் சொல்வதிலும் அந்தப் பழைய தொகுதிப்பொருள் பிழைத்திருக்கிறது.

சனிக்கிழமை ஆசிரியை, சாட்ஸ்வர்த்

எல்லாருக்கும் என் உளமார்ந்த நன்றி. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற என் விதியை இந்த ஒரு வரிக்குத் தளர்த்திவிட்டேன். ‘ஃபெதர்’ என்பதற்கு நேராக ‘இறகு’ என்றே எழுதியிருக்கிறேன். அதன் கீழே சிறிய எழுத்தில் தூவி, பீலி, தோகை ஆகிய மூன்றும், ஒவ்வொன்றும் எந்தப் பறவையின் எந்த இடத்தில் இருக்கிறது என்ற குறிப்போடு வருகின்றன. சிறகை ‘விங்’ என்ற வரிக்கு மாற்றிவிட்டேன். மாணவியின் ஆயா சொன்னதும் நான் சொன்னதும் இரண்டும் சரி என்று அவளிடம் சொன்னேன். முருந்தைக் காட்டியபோது, இத்தனை ஆண்டுகளாகத் தன் அப்பா நூல் சுற்றிய இடத்துக்கு ஒரு பெயர் இருக்கிறதே என்று வியந்து, அதைத் தன் கையாலேயே பட்டியலின் ஓரத்தில் எழுதிவைத்தாள்.

தோகைக்கு மட்டும் இரண்டு படங்கள் போடுகிறேன், மயில் ஒன்று, கரும்பு ஒன்று. கரும்பை முதலில் வைத்திருக்கிறேன், அது என் பாட்டிக்காக.

பட்டறைக்கார அண்ணனிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு வந்து, அந்த இலை இறகைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா? ‘ஃபெதர் பண்ணிய’ ஒரு தகடும் இருந்தால் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பார்கள்.

ஜேக்கப்ஸ் பட்டறைக்காரன்

கட்டாயம் வருகிறேன் அம்மா. கீறல் விழுந்த பழைய கதவு ஒன்று பட்டறையில் கிடக்கிறது, அதில் பாதியைத் தேய்த்தும் பாதியைத் தேய்க்காமலும் கொண்டுவருகிறேன், வேறுபாடு விரலுக்குத் தெரியட்டும். பிளாட்ஃபேரில் ஒரு தகட்டை மட்டும் கழற்றி எடுத்துவருகிறேன். முழுக்கட்டையும் வேனில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும்.